துணைக்கு ஆள் இருக்கு

பேய் பிசாசு என்று யார் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதாவது நம்புகிறாயா என்றால் சொல்லத் தெரியவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான், துரை, யாக்கோபு மூவரும் திண்டுக்கல்லில் ஒரே தெரு. ஒரு பொங்கல் விடுமுறையில் பெருமாள்மலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தார்ப்பாய், அரிசி, ஒரு பாத்திரத்தோடு சோலைக்காட்டுக்குள் நடந்தோம். இரண்டு நாள் ஓடைத் தண்ணீரைக் குடித்து, கருமந்திகளின் சத்தத்தில் கண்விழித்து, புல்வெளியில் மல்லாந்து கிடந்தோம். ஊர், வேலை எதுவும் நினைவில்லை. மூன்றாம் நாள் காலையில், லீவு முடிந்ததென்று யாக்கோபு இறங்கிப் போய்விட்டான்.

அன்று மதியம் துரை ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்தான். கணுக்கால் முறிந்து பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது.

"வெரசா ஆள் கூட்டிட்டு வந்துருடா. ராத்திரிக்குத் தனியா விட்டுறாத."

ஓடினேன். பாதி வழியில் மூடுபனி இறங்கியது, நீட்டிய கை தெரியவில்லை. எங்கோ மிக அருகில் காட்டெருமை ஒன்று மூச்சுவிட்டது, அதோடு என் தைரியம் போனது.

பொழுது சாயும்போது கூலி வேலைக்காரர்களின் குடிசைகளை அடைந்தேன், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். ராமையா என்பவர் விஷயத்தைக் கேட்டதுமே தீப்பந்தத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

"இப்பவே போவம் தம்பி. அவருக்குத் தனிய இருக்க ஏலுமா?"

வழிகாட்ட நானும் போக வேண்டும். அந்தப் பனிக்குள் மறுபடி நுழைய எனக்குக் கால் வரவில்லை.

"தனியா இல்லங்க," என்றேன். "துணைக்கு ஆள் இருக்கு. வெள்ளனே போய்க்கிடலாம்."

அவர் பந்தத்தைக் கீழே வைத்தார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவர் வீட்டுக் கம்பளிக்குள் நான் நன்றாகத் தூங்கினேன்.

விடிந்ததும் ஆட்களோடு போனோம். அந்தக் குளிரில் செத்திருப்பான் என்றே நினைத்தேன். துரை மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தார்ப்பாய் கழுத்துவரை போர்த்தியிருந்தது. காலில் இரண்டு குச்சிகளை வைத்து யாரோ பச்சைக் கொடியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"எங்கடா போன? இப்பத்தான எந்திரிச்ச."

வழி தெரியவில்லையென்று போன கொஞ்ச நேரத்திலேயே நான் திரும்பி வந்துவிட்டேனாம், கட்டுப் போட்டேனாம், விடிய விடியக் கையைப் பிடித்துக்கொண்டு பேசினேனாம். "இவன் இல்லேன்னா செத்திருப்பேங்க" என்று ராமையாவிடம் சொன்னான். ராமையா என்னையே பார்த்தார். ராத்திரி முழுக்க நான் எங்கே கிடந்தேன் என்று அவருக்குத்தானே தெரியும். "தூக்குங்க" என்று மட்டும் சொன்னார், அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை.

நானும் மறுக்கவில்லை. அன்று மறுக்காததை அப்புறம் மறுக்கவே முடியாமல் போயிற்று. அவன் அம்மா என் கையைப் பிடித்து அழுதார். துரை தன் மகனுக்கு என் பெயரை வைத்தான். ஒவ்வொரு தடவையும் உண்மை வாய்வரை வந்து நின்றுவிடும்.

போன மாதம் துரை என் வீட்டுக்கு வந்திருந்தான். கிளம்பும்போது, உள்ளே இருந்த என் மனைவிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அன்னைக்கு ராத்திரி நீ ஒண்ணு கேட்டியே, யாருக்கும் தெரியாம செய்யணும்னு. இத்தன வருசம் கழிச்சு முடிச்சிட்டேன்டா."

என்ன கேட்டேன் என்று அவனிடமே நான் எப்படிக் கேட்பது? தலையை ஆட்டினேன். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.