இத்தாவில் எண்ணிய மூன்று குருவிகள்

அந்த வருடம் ஊரில் எங்களுக்கு ஒரு பட்டம் கிடைத்தது. மோட்டார் சைக்கிளில் ஏறினாலே போதும், "இந்தா போகுதுகள் காகம் எண்ணுறதுக்கு" என்பார்கள். என் கணவர் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். நான் தபால் கந்தோரில் முத்திரை விற்று ஓய்வுபெற்றவள். ஒரு வருடத்துக்குள் எத்தனை வகைப் பறவைகளைப் பார்க்க முடியும் என்று எங்கெங்கோ ஆட்கள் போட்டி போடுவதை அவர் போனில் வாசித்துவிட்டு வந்தார்.

"நாமளும் பாப்பமா புள்ள? அம்பாறை மாவட்டத்துக்குள்ள மட்டும். ஒன்ட கணக்கு வேற, என்ட கணக்கு வேற."

"ஏன், சேர்ந்து எண்ணினா என்ன?" என்றேன்.

"சேர்ந்து எண்ணினா ஆரு தோக்கிற?" என்று கேட்டார். மனிதர் அப்படித்தான்.

ஜனவரி முதலாம் திகதி சாய்ந்தமருதுக் கடற்கரையில் தொடங்கினோம். சம்மாந்துறை வயலில் உழவு மெஷினுக்குப் பின்னால் கொக்குகளோடு கொக்காக நடந்தோம். உப்புக் களப்பின் ஓரச் சேற்றில் நான் இரண்டு சோடி செருப்புத் தொலைத்தேன். அவர் பெரிய கள்ளன். நல்ல குருவி ஒன்று கண்டால் மூச்சு விடமாட்டார். அது பறந்த பிறகு பைனாகுலரை இறக்கி, "அட, நீ பாக்கல்லயா?" என்பார். அந்தக் கோபத்தில் ஒரு நாள் முழுக்க அவரோடு கதைக்காமல் இருந்திருக்கிறேன். தன் கண்ணால் கண்டதை மட்டும்தான் எழுதலாம், சத்தம் கேட்டது கணக்கில் இல்லை என்பது எங்கள் சட்டம். ஆகஸ்ட் நடுவில் அவர் நூற்றைம்பத்தெட்டு, நான் நூற்றைம்பத்தாறு.

அப்போதுதான் ஒரு நாள் சுபஹுத் தொழுதுவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டார். அஸருக்கு முன் ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்தார்கள். நான் இத்தாவில் உட்கார்ந்தேன்.

கணவன் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அதுதான் இத்தா. அதைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. ஒரு நாள் குறையாமல் இருந்தேன். ஆனால் எனக்குத் துணையாக வந்து தங்கிய என் மூத்த சகோதரி, ராத்தா, கொண்டுவந்த சட்டங்கள் இருக்கிறதே, அல்லாஹ்வே! கண்ணாடி பார்க்கக் கூடாதாம். சத்தமாகத் தும்மக் கூடாதாம். வானத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடாதாம்.

மூன்றாம் கிழமை வளவுக்குள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தென்னை மரங்களுக்கு மேலே ஒரு தேன் பருந்து வட்டம் போட்டது. அந்த வருடம் நான் காணாத பறவை, என் நூற்றைம்பத்தேழாவது. ஓடிப்போய்ப் பைனாகுலரை எடுத்து வந்தேன். ராத்தா அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"விசராடி ஒனக்கு? இத்தாவுல இரிக்கிற பொம்புள மேல பாக்கப்படா. பறக்கிறதுல ஆண் குருவியும் வரும்!"

"ஆண் குருவி வந்தா முக்காடு போட்டுக்கிறன் ராத்தா. இப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்கிறீங்க."

மகள் எங்கள் சண்டை தாங்காமல் மௌலவிக்குப் போன் போட்டாள். சொந்த வளவுக்குள் நின்று பறவை பார்ப்பதற்கு ஒரு தடையும் இல்லை என்றார் அவர். ராத்தா விட்டாரா? "மௌலவிக்கு என்ன தெரியும்? அவரென்ன இத்தா இருந்தவரா?" என்றார். எனக்கு அந்த மூன்று கிழமையில் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் தப்பாகிவிட்டது.

பார்க்க வந்த பெண்கள் கதையை வெளியே கொண்டுபோனார்கள். புருஷன் போய் நாற்பது நாள் ஆகவில்லை, இவள் குருவி பார்க்கிறாள், கல் நெஞ்சுக்காரி என்றார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அழுகையை ஆளுக்கொரு கோப்பை ஊற்றிக் கொடுக்க நான் என்ன தேத்தண்ணிக் கடையா வைத்திருக்கிறேன்? அழுதேன். அவருடைய சாரத்தை மடிக்கும்போது அழுதேன், கறி ருசி பார்க்கும்போது அழுதேன். ஆனால் அழுகையை விடக் கோபம்தான் அதிகம். இரண்டு குருவி முன்னால் நின்றுகொண்டு, என்னைத் தோற்றவளாக விட்டுவிட்டுப் போக அவருக்கு யார் அனுமதி கொடுத்தது? இந்த வீடு என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. இந்த வளவுக்கு மேலே இருக்கிற வானமும் எனக்குத்தான். பார்ப்பேன் என்றேன், பார்த்தேன்.

ஒக்டோபரில் அடுத்த வீட்டு முருங்கையில் மைனாக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. உடம்பு இளஞ்சிவப்பு, தலை கறுப்பு. வெளிநாட்டு மைனா. நூற்றைம்பத்தெட்டு. சரிக்குச் சரி.

அதோடு பைனாகுலரை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ராத்தா தன் வாய்க்குத்தான் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்தார். எனக்கு ராத்தாவும் பயமில்லை, ஊரும் பயமில்லை. இன்னும் ஒன்று கண்டால் அவரைத் தாண்டிவிடுவேன். அவர் திரும்பி வந்து என்னைப் பிடிக்கமாட்டார். அதுதான் பயம். சரிக்குச் சரியாக இருக்கும்வரை போட்டி முடியவில்லை, அவரும் முழுதாகப் போகவில்லை என்று என் மனம் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு மாதம் மேலே பார்க்கவேயில்லை.

மாரி பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மஃரிபுக்கு முன், தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி வுழூச் செய்யக் கிணற்றடிக்குப் போனேன். மாமரத்துக்குக் கீழே ஈரச் சருகுக்குள் ஏதோ கிண்டும் சத்தம், கூடவே பழகிய அந்தக் கூவல். ஆறுமணிக் குருவி என்று தெரிந்துவிட்டது. காலையும் மாலையும் ஆறு மணிக்குக் கத்தும், ஆனால் ஆள் கண்ணில் அகப்படாது. அவர் பெப்ரவரியிலேயே அதைக் கண்டு, ஒரு மாதம் அந்தப் பெருமையைப் பேசி என் காதைத் தின்றவர். நான் சத்தம் மட்டும் கேட்டிருந்தேன்.

கண்ணை மூடியிருக்கலாம். திரும்பி வீட்டுக்குள் போயிருக்கலாம். என்னைத் தவிர யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் நாளைக்கு அவரை நினைக்கும்போதெல்லாம், வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தவளாகவா நினைப்பது? ஒரு நாளும் அவர் எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை. நானும் அவருக்கு விட்டுக்கொடுத்ததில்லை. எங்கள் சீவியம் அப்படித்தான் ஓடியது.

நின்று பார்த்தேன். அது ஒரு தத்துத் தத்தி வெளியே வந்தது. பச்சை முதுகு, கட்டை வால், வாலுக்குக் கீழே இரத்தச் சிவப்பு. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு புழுவை இழுத்தெடுத்துக்கொண்டு மதில் பக்கமாகப் போய்விட்டது.

"நூத்தி அம்பத்தொம்பது!" என்று கத்தினேன்.

ராத்தா அடுக்களை யன்னலால் தலையை நீட்டினார். "ஆரோட கதைக்கிறாய் அங்க?"

"அவரோடதான். தோத்துட்டீங்க எண்டு சொல்றன்."