இரண்டாவது பக்கத்து இடி

அது ஐம்பத்தெட்டாம் வருஷமா, ஐம்பத்தொன்பதா என்பதில் எனக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. அப்போது தென்காசியில் மேல்நாட்டுச் சங்கீதம் தெரிந்தவர் என்றால் எங்கள் தெரு வக்கீல்தான். சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரை ஒருவரிடம் வாங்கிய சிம்பொனி இசைத்தட்டுகள் அவரிடம் இருந்தன. ஜெர்மனியில் பெரும்புகழ் பெற்ற ஒருவர் நடத்திய இசைக்குழு; நான்கு தட்டுகள், எட்டுப் பக்கங்கள். எங்கள் ஊரில் டம்ளரில்கூடப் பெயர் வெட்டாமல் விடமாட்டோம். வக்கீல் தட்டுகளையும் விடவில்லை. ஒவ்வொரு லேபிளின் மேலும் மைதாப் பசை தடவித் தம் பெயர்ச் சீட்டை ஒட்டியிருந்தார்.

கீ கொடுத்து கிராமபோனில் வைத்தால், இரண்டாவது பக்கத்திலேயே மொத்தக் குழுவும் இடியாக முழங்கி ஓயும்.

"முடிவ முதல்லயே சொல்லிட்டு, அப்புறமா கதைய அவுக்குதான், பாத்தியளா அண்ணாச்சி? அதான் மேதை" என்பார் வக்கீல்.

கடைசிப் பக்கமோ பாதிப் பேச்சில் எழுந்து போனதுபோல் நிற்கும். அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

எனக்கு அது எந்த ஆண்டுப் பதிவு என்று தெரிந்தாக வேண்டும். சீட்டைப் பிரிக்க அவர் சம்மதிக்கவில்லை. ஒரு சாரல் பருவத்தின் ஈரத்தில் பசை தானாக விட்டது. ஆண்டு இல்லை. ஆனால் முதல் தட்டின் முன்பக்கம் ஒன்று என்றும், பின்பக்கம் எட்டு என்றும் போட்டிருந்தது. துரையிடம் இருந்தது தானே தட்டு மாற்றும் இயந்திரம்; முதல் நான்கு பக்கங்களும் வரிசையாகப் பாட, அது தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக விழவைக்கும். பிறகு ஐந்து முதல் எட்டு வரை கேட்க அடுக்கை மொத்தமாகப் புரட்டிப் போட வேண்டும். நாங்கள் ஒவ்வொரு தட்டையும் உடனுக்குடன் புரட்டி, தொடக்கத்துக்கு அடுத்ததாக முடிவைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

குற்றாலத்தில் குளிக்க வந்திருந்த சென்னைப் பேராசிரியர் ஒருவர் மறுநாள் மாலை இதைக் கேட்க வருவதாக இருந்தது. இத்தனை நாள் கட்டிக்காத்த பெயர். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று வக்கீல் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சரியான வரிசையில் வைத்தோம். பேராசிரியர் கண்ணை மூடித் தலையாட்டினார். வக்கீலும் அவரைப் பார்த்து ஒரு நொடி பிந்தி ஆட்டினார். ஆறாவது பக்கம் முடிந்தும் காபி வரவில்லை. வக்கீல் உள்பக்கம் பார்த்து இருமினார். அவர் மனைவி கதவருகில் வந்தார்.

"ரெண்டாவதா ஒரு இடி இடிக்கும்லா, அதக் கேட்டுத்தான நான் பால அடுப்புல வைப்பேன். இன்னைக்கு இன்னும் இடிக்கலயே?"

பேராசிரியர் கண்ணைத் திறந்தார். வக்கீல் வாதாடாமல் ஒப்புக்கொண்டதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பேராசிரியர் சிரித்து ஓய்ந்ததும், உங்கள் வரிசையிலும் ஒருமுறை போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

போட்டோம். இரண்டாவது பக்கம் இடித்தது. காபி வந்தது.