மே மாதத்தில் போட்ட ஹீட்டர்

சித்தி இறந்த செய்தி விடிகாலையில் வந்தது. மதியம் மூன்று மணிக்கு வீட்டில் ஜெபம். அது முடிந்ததும் பெட்டியை மூடிவிடுவார்கள். அம்மாவுக்கு இருந்த ஒரே தங்கை அவள். அதற்குள் போய் முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அம்மா கேட்டது.

சேலையூரிலிருந்து மறைமலை நகர் என்ன அமெரிக்காவா? ஆனால் இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து அம்மாவால் ஆட்டோவில் ஏறி உட்கார முடியாது. கார் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, காலை நீட்டி உட்கார வைத்தால்தான் உண்டு. புக் பண்ணிய வாடகைக் கார்கள் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று போக்குக் காட்டிவிட்டு ரத்தாகின. மிச்சம் இருந்தது என் பழைய கார்தான்.

அது ஒரு சனியன். ஓடும்போது ஏசி ஜில்லென்று வரும், சிக்னலில் நின்றால் அனல் அடிக்கும். பம்மலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கேஸ் தீர்ந்துவிட்டது என்று கேஸ் அடித்தார்கள். மறுவாரமே பழைய கதை. அப்புறம் கம்ப்ரசர் வீக் என்றார்கள். நின்றால் மட்டும் ஏன் சூடாகிறது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை, நானும்தான். ஓடுகிற வண்டிக்குக் காற்று தானாக மூஞ்சியில் வந்து அடிக்கும். நிற்கிற வண்டிக்கு ரேடியேட்டர் ஃபேன் சுற்றினால்தான் காற்று. பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்தில் கேம்ப் ரோடுவரை மட்டுமே ஓடுகிற வண்டி என்பதால் எஞ்சின் சூடு அதுவரை எல்லை மீறியதில்லை. அன்றைக்குப் பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டி நின்றபோது மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது.

ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தேன். குப்பென்று ஆவி. ஃபேன் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் தண்ணீர் கேனோடு இறங்கி வந்தார்.

"இன்னா மேடம், ஹீட் ஆயிடுச்சா? அந்த மூடியத் தொறந்து தண்ணிய ஊத்து, சரியாப் பூடும்."

"அண்ணா, தொடாதீங்க! இப்பத் தொறந்தா மூஞ்சியே வெந்துடும்! கைய எடுங்க!"

"நல்லதுக்குச் சொன்னா கத்திகினு கீற" என்று முனகிக்கொண்டே போய்விட்டார். பாவம், நல்ல மனுஷன். எனக்குத்தான் அன்றைக்கு யார் மேலாவது பாய வேண்டும்போல இருந்தது.

சித்தி மகன் போன் செய்தான்.

"அக்கா, எங்க இருக்கீங்க? பாஸ்டர் வந்துட்டாரு. அவருக்கு இது முடிச்சுட்டு இன்னொரு அடக்கத்துக்குப் போகணுமாம்."

"டேய், பெட்டிய மட்டும் மூடிடாதடா. உன் கால்ல விழறேன்."

"என் கையில என்னக்கா இருக்கு? எல்லாரும் அவசரப்படுத்தறாங்க."

குனிந்து ஃபேனைப் பார்த்தேன். இறக்கைக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரு துணி மூட்டை சிக்கியிருந்தது. எங்கள் தெருவில் கார் வைத்திருக்கிற எல்லோரும் செய்கிற வேலைதான். எலி வயரைக் கடிக்காமல் இருக்கப் புகையிலையைத் துணியில் முடிந்து பானெட்டுக்குள் கட்டிவைப்போம். எங்கள் மூட்டையை அம்மாதான் தன் பழைய ஜாக்கெட் துணியில் தைத்துக் கொடுத்தாள். அது அவிழ்ந்து இறங்கி ஃபேனைக் கவ்விப் பிடித்திருக்கிறது. எலி ஒரு வயரைக்கூடக் கடிக்கவில்லை.

வண்டியை அணைத்துவிட்டு மூட்டையைப் பிடுங்கி எடுத்தேன். ஃபேனுக்கான ஃபியூஸ் கருகியிருந்தது. ஃபியூஸ் பெட்டியிலேயே அதே அளவில் இருந்த இன்னொன்றைக் கழற்றி அந்த இடத்தில் செருகினேன். வண்டியைக் கிளப்பி ஏசியைப் போட்டால் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். போட்டேன். சுற்றவில்லை. அந்த ஃபியூஸும் போனது. மோட்டாரிடம் மூக்கைக் கொண்டுபோனால் தீய்ந்த நாற்றம். சுற்ற முடியாமல் முக்கி முக்கியே செத்திருக்கிறது. நடுரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழலாமா என்றிருந்தது.

"என்னடி, என்ன ஆச்சு?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஏதோ குப்பை மாட்டியிருந்துது." மூட்டையை அவள் கண்ணில் படாமல் கால்வாயில் வீசினேன்.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. ஹீட்டர். எஞ்சின் கொதிப்பை வண்டிக்குள் இழுத்துவிட்டால் எஞ்சின் கொஞ்சம் ஆறும். சென்னையில் பிறந்து வளர்ந்தவள் நான், அந்தப் பொத்தானை ஒருநாளும் தொட்டதில்லை. அதுவும் கத்திரி வெயிலில்!

ஆவி அடங்கும்வரை காத்திருந்து, முழுக்க ஆறாவிட்டாலும் மூடியைத் தொடும்படி ஆனபின், டிக்கியில் இருந்த கேன் தண்ணீரை ஊற்றி மூடினேன். அந்த நேரம் முழுக்க அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஹீட்டர் போடப்போறேன். எஞ்சின் சூடெல்லாம் நம்ம மேலதான் வரும். தாங்குவியா?"

"போடுடி. மூடிடப் போறாங்க."

ஜன்னல்களையெல்லாம் இறக்கிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருகினேன். அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. அம்மா காலை மடக்க முடியாதவள், அனல் நேராக அவள் முழங்காலில் அடித்தது. சாவு வீட்டுக்கென்று கட்டிய வெள்ளைப் புடவை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"வேணாம். குடிச்சா பாத்ரூம் வரும். நடுவுல நிறுத்தணும்."

வண்டலூரில் முள் இறங்கியது. ஊரப்பாக்கத்தில் மறுபடி ஏறியது. வண்டிகள் நின்ற இடத்திலெல்லாம் எஞ்சினை அணைத்தேன், நகர்ந்தால் கிளப்பினேன். பின்னால் ஹாரன் அடித்துக் கொன்றார்கள். "இயேசப்பா, உனக்குக் கண்ணில்லையா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். சாதாரண நாளாக இருந்தால் அம்மா என் வாயிலேயே போட்டிருப்பாள்.  அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தாள். கூடுவாஞ்சேரியில் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன கேட்பது?

சித்தி வீட்டுத் தெருமுனையில் அமரர் ஊர்தி நின்றிருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது, உள்ளே காலி. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. சித்தி மகன் ஓடிவந்து டிக்கியிலிருந்து அம்மாவின் சக்கர நாற்காலியை இறக்கினான். அம்மாவின் முகம் செக்கச்சிவந்து, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. அழுதழுது அப்படி ஆகிவிட்டாள் என்று நினைத்து எல்லோரும் வழிவிட்டார்கள். அவள் அதுவரை ஒரு சொட்டுகூட அழவில்லை.

ஐஸ் பெட்டியிலிருந்து அப்போதுதான் சித்தியை எடுத்து மரப்பெட்டியில் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் மூடியைக் கையில் பிடித்திருந்தார்கள். நாற்காலியை ஒட்டி நிறுத்தினேன். அம்மா குனிந்து தங்கை கன்னத்தில் கையை வைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டுத் தன் கன்னத்தை அங்கே வைத்தாள்.

"எவ்ளோ ஜில்லுனு இருக்கடி" என்றாள்.

கன்னத்தை எடுக்கவேயில்லை. பாஸ்டர் தொண்டையைச் செருமினார். நான் அவள் தோளைத் தொட்டேன்.

"அம்மா, போதும்மா."

"இருடி, கொஞ்ச நேரம்" என்றாள். "நல்லா இருக்கு."