மகள் வீட்டுக்குப் போக முடியாத ஆறுமுகம் அண்ணன்

போர்ட் கிள்ளானுக்கு ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "நம்ம ஆறுமுகம் அண்ணே போயிட்டாருலா. காலையில எழுந்திரிக்கவே இல்ல," என்றார் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் நாங்கள் இருபத்தாறு ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தோம். அவர் மேற்பார்வையாளர், நான் சுங்கப் படிவம் நிரப்புகிறவன். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பெட்டிகள் போகாத நாடு இல்லை. அவருக்குத்தான் வெளிநாடு போகக் கடப்பிதழ் கிடையாது. மலேசிய எஸ்டேட் ஒன்றில் பிறந்தவர்; பிறப்பை யாரும் பதியாததால் குடியுரிமை கிடைக்கவில்லை. கடைசிவரை அவர் சட்டைப்பையில் இருந்தது சிவப்பு ஐசி என்கிற சிவப்பு அடையாள அட்டை. "இங்க இருந்துக்கலாம், ஆனா நம்ம ஆளு இல்லன்னு அர்த்தம் தம்பி," என்று புது ஆட்களுக்கு முன்னால் சிரித்துக்கொண்டே விளக்குவார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

அவருடைய ஒரே மகள் கவிதா. தாய்வழியில் குடியுரிமை பெற்றவர். படித்து, பெல்ஜியத்துக்காரர் ஒருவரை மணந்து, அந்நாட்டில் ஹாலந்து எல்லையை ஒட்டிய சின்னக் கிராமம் ஒன்றில் குடியேறினார். செங்கல் வீடுகள், ஒரு தேவாலயம், சுற்றிலும் சோளக்காடு, தெரு முடிவில் முழங்கால் உயரத்துக்கு ஓர் எல்லைக்கல். ஒரு சனிக்கிழமை மாலை, கிடங்கு வாசலில் நின்றபடி நாங்கள் அதைக் கவிதாவின் வீடியோ அழைப்பில் பார்த்தோம். பேத்தி கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குதித்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் ஐசி கேக்க மாட்டாங்களாம்மா?" என்றார் அண்ணன்.

"கேக்க யாருப்பா இருக்கா? ரொட்டி வாங்கவே தினமும் அந்தப் பக்கம்தான் போறோம்."

அண்ணன் என் பக்கம் திரும்பி, "ரொட்டி வாங்க நாடு தாண்டுறாங்க, தம்பி," என்றார்.

மகள் குடும்பம் இரண்டு முறை இங்கே வந்துபோனது. அவருக்கு அது போதவில்லை. "கட்டிக் குடுத்த வீட்டுக்கு அப்பன் ஒரு தடவையாவது சீரோட போய் நிக்கணும்லா. அது வேற, இது வேற," என்பார்.

அதற்காகவே மூன்றாவது முறையாகக் குடியுரிமைக்கு மனு போட்டார். மனுவை நிரப்பியவன் நான். நேர்காணலுக்கு முதல் நாள், "உள்ளத உள்ளபடி சொல்லுங்கண்ணே," என்று அறிவுரை சொன்னவனும் நான். சரக்கைப் பற்றிப் பொய் எழுதினால் பெட்டி நின்றுவிடும்; அந்தத் தொழில் புத்தியை மனிதருக்கும் வைத்துப் பார்த்துவிட்டேன். குடியுரிமை கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அண்ணன் கிராமத்தையும் பேத்தியையும் பற்றி ஆசையாகச் சொல்லியிருக்கிறார். வெளிநாடு போவதற்குத்தான் எங்கள் நாட்டைக் கேட்கிறீர்களா என்றாராம் அதிகாரி.

"உண்மையத்தான் சொன்னேன் தம்பி. அவரு முகம் மாறிப்போச்சு," என்றார் வெளியே வந்து.

ஓராண்டு கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை. அண்ணன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு மகளிடம் பேசும்போது அந்தக் கிராமத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்டதில்லை.

தகனத்துக்குக் கவிதா வந்து சேர்ந்தார். அஸ்தியில் ஒரு பங்கைக் கடலில் கரைத்தோம். மறு பங்கைத் தன்னோடு கொண்டுபோக வேண்டும் என்றார். அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. நான்தான் நிரப்பினேன். எந்த நாட்டுக் குடிமகன் என்று அதில் யாரும் கேட்கவில்லை. இரண்டே நாளில் முத்திரை குத்திக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மகள் வீட்டில் போய் இறங்குங்கள், அண்ணே. தப்பான யோசனை சொன்ன என்னை மன்னித்துவிடுங்கள். உங்களைச் சாம்பலாக மட்டும் அனுப்பிவைத்தவர்களை மன்னிக்க எனக்கு மனம் இல்லை.