என் கையெழுத்து இல்லாத கேபிள்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமையன்று எங்கள் கட்டட வரைபட அலுவலகத்தின் மேலாளர் கையொப்பமிட்ட அறிக்கை என்மீது சுமத்தும் குற்றம் இது: "முறையான படிப்பில்லாத ஊழியர் செய்த தவறான மின் இணைப்பால் ஒரு கிராபிக்ஸ் கார்டும் ரைசரும் எரிந்தன." இதை நான் மறுக்கிறேன். நான் விடுப்பில் இருந்த நாளில் வேறொருவர் மாட்டிய கேபிளை, ஒரு வார்த்தை விசாரிக்காமல் என் தலையில் கட்டினார்கள் என்பது நான் திருப்பிச் சுமத்தும் குற்றம்.

"முறையான படிப்பில்லாத ஊழியர்" என்ற மூன்று சொற்களுக்குள் என் பதினோரு ஆண்டுகளை மடித்து வைத்துவிட்டார்கள். பிரித்துக் காட்ட வேண்டியது என் பொறுப்பாகிவிட்டது.

நான் அங்கே சேர்ந்தது தொலைபேசி எடுக்க. வரைவாளர்கள் வரையும் வீட்டை நிஜ வீடு போலப் படமாக்கும் கணினி அடிக்கடி பாதியில் நின்றுவிடும். காரணம் யாருக்கும் தெரியாது. புதுப் பொருள் வந்தால் அதன் கையேடு நேரே குப்பைக்கூடைக்குப் போகும்; நான் எடுத்து வைத்துக்கொள்வேன். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே படிப்பேன். புரியாத வரிக்கு அடியில் கோடு போடுவேன். புரிந்த நாளை ஓரத்தில் குறிப்பேன். சில கோடுகளுக்குத் தேதி விழ மூன்று ஆண்டுகள் ஆயின. எனக்குக் 'கோப்பு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். "கோப்பு வருது, டீ குடிச்ச கப்பைக்கூடப் போடாதீங்க, நம்பர் போட்டு வச்சிரும்" என்பார் மூத்த வரைவாளர். எனக்கும் சிரிப்பு வரும்.

சென்ற ஆண்டு மார்ச்சில், படமாக்கும் வேலையைச் செய்யும் கிராபிக்ஸ் கார்டுகள் ஐந்து கொண்ட கணினியை நானே அமைத்தேன். ஒரு கார்டுக்கு நூற்றைம்பது வாட், ஐந்துக்கு எழுநூற்றைம்பது, மற்றவற்றுக்கு நூற்றிருபது. எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையின் திறன் ஆயிரத்து இருநூறு. முக்கால் பங்குக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்பது என் விதி, அதற்குள் அடங்கியது. கார்டுகள் நெருங்கி இருந்தால் சூடேறும். ஆகவே ஒவ்வொன்றையும் ரைசர் என்னும் சிறு பலகைமேல் தள்ளி நிறுத்தினேன். ரைசருக்கும் தனி மின்சாரம் வேண்டும். ஹார்டு டிஸ்குக்கு உரிய ஒல்லியான கனெக்டரை அதில் மாட்டுவோர் உண்டு. எழுபத்தைந்து வாட் இழுக்கக்கூடிய இடத்தில் ஐம்பத்துநான்கு தாங்குவதை மாட்டினால் பிளாஸ்டிக் உருகும். நான் தடித்த கேபிளையே கொடுத்தேன். ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் வெள்ளைத் துணி டேப் ஒட்டி எண், தேதி, என் கையெழுத்து இட்டேன். பதினொரு மாதம் அது ஒருமுறைகூட நிற்கவில்லை.

பிப்ரவரி ஐந்தாம் தேதி என் தங்கைக்குக் கண் அறுவை சிகிச்சை. மூன்று நாள் விடுப்பு எழுத்தில் பெற்றேன். ஆறாம் தேதி, புது மேசைக்கு இடம் வேண்டுமென்று கணினியை அடுத்த அறைக்கு நகர்த்தச் சொல்லியிருக்கிறார் மேலாளர். நகர்த்தும்போது ஒரு கேபிளின் கொக்கி உடைந்தது. அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டி, சுவிட்சைப் போட்டார்கள். டப்பென்று ஒரு சத்தம், புகை.

திரும்பி வந்ததும் எரிந்த கார்டின் கேபிளைப் பார்த்தேன். டேப் இல்லை. வேறு நிறுவனத்தின் பழைய பவர் சப்ளையோடு வந்தது அது. பவர் சப்ளைப் பக்கம் முனையின் வடிவம் ஒன்றுதான். ஆனால் எந்தத் துளையில் என்ன வரும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளும். எதையும் இணைக்காமல் மீட்டர் வைத்து அளந்தேன். சுழியம் காட்ட வேண்டிய துளை பன்னிரண்டு வோல்ட் காட்டியது. படம் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன்.

"கச்சிதமா உள்ள போச்சேம்மா. போனா சரியானதுதானே?"

"வாயில நுழையறதெல்லாம் சாப்பாடா சார்?"

"அறிக்கை மேலிடத்துக்குப் போயாச்சு. விடுங்க. கார்டு போனா வாங்கிக்கலாம்."

"என் பேரை எந்தக் கடையில வாங்குறது?"

அவர் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது ஒலிக்கவே இல்லை.

மாட்டியவர் மூத்த வரைவாளர். படிக்கட்டில் என்னை நிறுத்தி அவரே சொன்னார்.

"நான்தான் மாட்டினேன் கோப்பு. மேனேஜர் பின்னாடி நின்னு 'சீக்கிரம், சீக்கிரம்'னாரு. கை ஓடல."

"இதையே எழுதிக் குடுங்கண்ணே."

"உசிரைக் கேளு, தரேன். எழுத்து மட்டும் கேக்காத. ரெண்டு பொண்ணு படிக்குது."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனாலும் அவர் சொன்னதைத் தேதி, நேரத்துடன் குறித்திருக்கிறேன்.

என் பங்கையும் எழுதியாக வேண்டும். பழைய கேபிள்களைத் தூக்கி எறியாமல் அதே அலமாரியில் வைத்திருந்தவள் நான். எதையும் எறிய மனம் வராத என் குணமே அவர் கைக்கு அந்தக் கேபிளை எடுத்துக் கொடுத்தது. அறிக்கை இதைச் சொல்லியிருந்தால் மறுக்காமல் கையெழுத்திட்டிருப்பேன்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பல் துலக்கும்போது வாட் கணக்கைக் கூட்டுகிறேன்; சரியாக வருகிறது; மறுபடி கூட்டுகிறேன். கண்ணில் கட்டோடு படுத்திருக்கும் தங்கை நேற்று சொன்னாள்: "எனக்குக் கண்ணுதான் தெரியல, காது கேக்குதுக்கா. நீ நடக்குறதுல தரை தேஞ்சு கீழ் வீட்டுக்குப் போயிடுவோம்."

"அந்த நாலு வரி என்னைவிட முன்னாடி எல்லா இடத்துக்கும் போயிடும்டி."

"அப்ப நீயும் எழுது. அதுதானே உனக்கு வரும்."

எட்டு கார்டுக் கணினிகளைப் பராமரிக்க ஓர் ஆய்வுக்கூடம் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. பட்டம் கேட்கவில்லை, மார்ச் ஆறாம் தேதிக்குள் இந்த அலுவலகத்தின் நடத்தைச் சான்று மட்டும் கேட்கிறது. சான்றோடு அறிக்கையையும் இணைத்தே அனுப்புவேன் என்கிறார் மேலாளர். இணைத்தால் எனக்கு அந்த வேலை இல்லை.

ஆகவே நிறுவனத் தலைவரிடம் கேட்கிறேன். ஆறாம் தேதி அந்தக் கேபிளை மாட்டியது யார், மாட்டச் சொன்னது யார் என்று விசாரியுங்கள். அறிக்கையைத் திருத்துங்கள், திருத்த முடியாதென்றால் அதற்கான காரணத்தைச் சொல்லுங்கள். கூப்பிட்டுச் சமாதானம் சொல்வதை ஏற்கமாட்டேன். மார்ச் இரண்டாம் தேதிக்குள், தேதியும் கையொப்பமும் இட்ட கடிதமாக உங்கள் பதில் என் கைக்கு வர வேண்டும்.