ஆற்றுக்கு அப்பால் போன வெள்ளிக்கிழமைகள்

என் அம்மா எரினா எண்பத்து நான்காம் வயதில் இறந்தாள். உடலைக் கழுவி, வட்டமான சமையல் குடிசைக்குள் பாயில் கிடத்தியாயிற்று. உடுத்துவதற்கான துணியும் தயாராகத்தான் இருந்தது. சபை மாதர் சங்கத்தின் சிவப்புச் சட்டை, கறுப்புப் பாவாடை, வெள்ளைத் தொப்பி. அதை உடுத்தித்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது பிள்ளைகளிடம் அவள் கேட்ட ஒரே காரியம். அறுபத்தொரு ஆண்டுகள், ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் போட்ட உடை அது.

ஆனால் சட்டை சங்கத் தலைவி சிகோரே அம்மாவின் மடியில் இருந்தது. அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஷுவாய், நீ டீச்சர். உனக்குச் சட்டம் தெரியும். குறிசொல்லி வீட்டு வாசலை மிதிச்சவளுக்குச் சீருடை கிடையாது. நான் போட்ட சட்டம் இல்ல இது.”

“எங்கம்மா மிதிச்சத யாரு பார்த்தா?”

“ரெண்டு பேரு பார்த்திருக்காங்க. ஒவ்வொரு மாசமும் முதல் வெள்ளிக்கிழமை, விடியறப்ப, ஆத்தைத் தாண்டி, துணி மூடின கூடையோட. அந்தப் பக்கம் இருக்கிறது ஒரே வீடு. அது யாரு வீடுன்னு குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். எங்க போனா, எதுக்குப் போனான்னு சவப்பெட்டி வர்றதுக்குள்ள யாராவது சொல்லட்டும். இப்பவே போட்டு விடறேன்.”

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. போன வருடம் அம்மா தூங்கும்போது அவள் தகரப் பெட்டியைத் திறந்து தேடியவள் நான். எலும்புத் துண்டோ, வேரோ, முடிச்சுப் போட்ட துணியோ கிடைக்கும் என்று தேடினேன். காலியான மாவுப் பைகள் பதினைந்து, ஒழுங்காக மடித்து அடுக்கியிருந்தன. அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது. எங்கே போகிறாய் என்று கேட்டால் அவள் சொல்லும் பதில் ஒன்றுதான்: “ஜெபத்துக்கு.”

அம்மாவைப் பற்றி ஊர் சொல்வதெல்லாம் உண்மைதான். பதினெட்டு வயதில் என் அப்பா செஃபானியாவை மணந்தாள். ஏழு பெற்று இரண்டைப் புதைத்தாள். அப்பா சபையின் பிரசங்கியார். அவர் உட்காராமல் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவருக்குக் கைகழுவ நீர் ஊற்றி, கீரையும் சட்சா என்ற சோளக்களியும் முன்னால் வைத்து, மண்டியிட்டுத்தான் பேசுவாள். என் கணவர் முன்னால் நான் மண்டியிட மறுத்தபோது, “உனக்கு முட்டி வலிக்கும், எனக்குப் பழகிப் போச்சு” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். நல்ல மனைவி, நல்ல தாய், நல்ல விசுவாசி. அந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் எத்தனை அநியாயத்தை மறைத்து வைக்கலாம் என்று எனக்குத் தெரியும்.

ஏனென்றால் அவள் ஒருமுறை பொய் சொன்னாள்.

பதினாறு வருடத்துக்கு முன், வறட்சி முடிந்து வந்த முதல் மழையில் இடி விழுந்து அப்பாவின் உழவு மாடுகள் இரண்டும் செத்தன. உயரமான மரத்தடியில் கட்டிய மாட்டின்மேல் மின்னல் இறங்கும். எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் எங்கள் ஊருக்குப் பழி போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு விதவை சருட்சாய் அகப்பட்டாள். பிள்ளை இல்லாதவள், ஆற்றோரமாக நல்ல நிலம் வைத்திருந்தவள். ஊர்த்தலைவர் முன்னால் என் அம்மா எழுந்து நின்று, “விடியற்காலையில எங்க தொழுவத்தைச் சுத்தி அவ எதையோ தூவினத பார்த்தேன்” என்றாள். சூனியக்காரி என்று அன்றே துரத்தினார்கள். அவள் நிலத்தை இன்று யார் உழுகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சோளம் அங்கேதான் விளைகிறது.

நான் அப்போது புலவாயோ நகரத்தில் வேலை பார்த்தேன். “நீ நிஜமாகப் பார்த்தாயா?” என்று அம்மாவுக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. இரண்டு வருடம் ஊர்ப்பக்கமே வரவில்லை.

இப்போது அப்பாவிடம் போனேன். ஆண்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“அப்பா, அம்மா ஆத்துக்கு அந்தப் பக்கம் எதுக்குப் போனாங்க?”

“ஜெபத்துக்கு.”

“யாரோட ஜெபம்?”

அவர் கைத்தடியால் சாம்பலைக் கிளறினார். “செத்தவளை விசாரிக்காத.” என் முகத்தை அவர் பார்க்கவில்லை. இவருக்குத் தெரியும் என்று எனக்குப் பட்டது. தெரிந்தும் சீருடை போனால் போகட்டும் என்று இருக்கிறார்.

பத்து மணிக்குப் பெட்டியை ஏற்றிய வண்டி வந்தது. என் நான்கு அண்ணன் தம்பிகளும் பெட்டியைத் தோளில் எடுத்தார்கள். வாசலில் மருமகள்கள் குறுக்கே நின்றார்கள். சாவு வீட்டில் மருமகள்களுக்கு அந்த உரிமை உண்டு. செத்தவரைப் போல நடிப்பார்கள், கிண்டல் செய்வார்கள், காசு கொடுக்கும்வரை வழி மறிப்பார்கள். யாரும் கோபிக்கக் கூடாது. கோபித்தால் கோபித்தவருக்குத்தான் அவமானம்.

மூத்தவள் நெட்சாய் அண்ணி, அம்மாவின் தலைத்துணியைக் கட்டி, தலையில் கூடையுடன், அம்மாவைப் போலவே இடது காலை இழுத்து நடந்து வந்தாள். இரண்டு முறை இருமிவிட்டுத் தொண்டையைச் செருமினாள். அசல் அம்மாதான். அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். இளையவள் ரும்பி மார்பை நிமிர்த்திக்கொண்டு சிகோரே அம்மாவாக எதிரே வந்தாள்.

“ஏய் எரினா, விடியறதுக்கு முன்னாடி எங்க கிளம்பிட்ட?”

“ஜெபத்துக்கு.”

“தலையில என்ன?”

“அதுவும் ஜெபம்தான். பத்து கிலோ இருக்கு.”

“உன் ஜெபத்துல நிலக்கடலை வாசம் அடிக்குதே!”

“வறுத்து இடிச்ச ஜெபம். பல்லு போன கிழவிக்கு வேற எப்படிக் கொண்டு போறது?”

சிரிப்பு வாசலைத் தாண்டி ஆண்கள் பக்கம் வரை போனது. நான் சிரிக்கவில்லை. அந்த மாவுப் பைகள் என் கண்முன் வந்தன.

அண்ணி கூடையை இறக்கி வைத்து, தரையில் மண்டியிட்டு, இல்லாத ஒரு கதவைத் தட்டினாள். குரல் மாறியது. “சருட்சாய், கதவத் திற. நான்தான். உன்னைக் கெடுத்தவ.”

சிரிப்பு அடங்கிவிட்டது.

“குறிசொல்லி தொழுவத்துக்குப் பின்னால ஒரு குடிசை,” அண்ணி இப்போது தன் குரலிலேயே பேசினாள். “துரத்தினப்ப அவன்தான் இடம் குடுத்திருக்கான். மாமி வீட்டுச் சோளத்தைத் திருடி மகளுக்குக் குடுக்கறாங்கன்னு நினைச்சு, நான் பின்னாலயே போனேன். நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சதும் மாமி சொன்னாங்க: ‘இப்ப வாயத் திறக்காத. எப்படியும் என் சாவுல நீ என்னைக் கிண்டல் பண்ணத்தான் போற. அப்ப சொல்லிக்கோ.’”

எலும்பு உருட்டிக் குறி சொல்பவனை நான் நம்புபவள் அல்ல, அவனும் ஏமாற்றுக்காரன்தான். ஆனால் சபை துரத்தியவளுக்குக் கூரை கொடுத்தது அவன்.

வழக்கப்படி அப்பா ஒரு காசை நீட்டினார். “சரிம்மா, வழிய விடு.”

“காசு வேணாம், மாமா. ஒரு வார்த்தை போதும். அன்னிக்கு மாமி என்னத்தப் பார்த்தாங்க?”

“மருமகளே!”

“கோபிக்கக் கூடாது, மாமா. நான் மருமக. பெட்டி கனம். உங்க பசங்க தோள்ல நிக்குது.”

ஃபரிசாய் அண்ணன் தோளில் பெட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டார். யாரும் உதவிக்கு வரவில்லை. பக்கத்தில் நின்ற போதகர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

“ஒண்ணும் பார்க்கல” என்றார் கடைசியில். “நான்தான் சொல்லச் சொன்னேன். மாட்டேன்னா. மூணு நாள் மாட்டேன்னா. புருஷன் சொன்னா கேக்கணும்னு வேதத்துல இருக்குன்னேன்.”

அண்ணி வழியிலிருந்து விலகினாள்.

அம்மாவை நான் புனிதவதி ஆக்கப் போவதில்லை. அவள் சொன்ன பொய்யால் ஒரு பெண்ணின் வாழ்வு போயிற்று. நிலத்தைப் பறிகொடுத்தவளுக்கு அந்த நிலத்துச் சோளத்தையே மாவாக்கி மாதம் பத்து கிலோ கொண்டு கொடுப்பது நீதி அல்ல. ஆனால் அந்த ஊரில் குற்றம் செய்தவர்களில், குற்றத்தைத் தலையில் வைத்துச் சுமந்து நடந்தவள் அவள் ஒருத்திதான். சொல்ல வைத்தவர் பதினாறு வருடம் ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்தார்.

குடிசைக்குள் சிகோரே அம்மா சட்டையை விரித்தார். யாரையும் நெருங்க விடவில்லை, தானே உடுத்தினார். அன்று சருட்சாயை ஆற்றுவரை விரட்டியவர்களில் அவரும் உண்டு, கையில் குச்சியுடன். பொத்தான் போடும்போது ஒன்று தவறி, முதல் பொத்தான் இரண்டாம் துளையில் ஏறி, கீழே வரை எல்லாமே கோணலாகப் போயிற்று. வியாழக்கிழமைகளில் மற்றப் பெண்களின் கழுத்துப்பட்டியை நிறுத்திச் சரிசெய்து அனுப்புபவள் என் அம்மா.

“கோணலா இருக்கு” என்றாள் ரும்பி மெதுவாக.

“இருக்கட்டும்” என்றேன். பெட்டியை மூடினார்கள்.