தேட வேண்டாமென்று சொல்லியிருந்தேன்

பட்டிப்பொலையில் தோழியின் வீட்டு வாசலில் அவர் வந்து நின்றபோது நான் லீக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன். சீருடை இல்லை. ஆனாலும் ராகலை ரோட்டுச் சோதனைச் சாவடியில் அடிக்கடி பார்த்த பொலிஸ்காரர் என்று தெரிந்தது. கீழே ரோட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லொறி நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

நுவரெலியாவில் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் எனக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். வேண்டாம் என்று பலமுறை சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. எனக்கு வயது இருபத்தைந்து. தோட்டத்து முன்பள்ளியில் ஆசிரியை. விடுமுறை விட்டதும் நானுஓயாவில் ரயிலேறி, என்னோடு பயிற்சி பெற்ற தோழியிடம் வந்துவிட்டேன். நல்லபடியாக இருக்கிறேன், பள்ளி திறக்கும்போது வருவேன், தேட வேண்டாம் என்று அம்மாவின் போனுக்குச் செய்தி அனுப்பினேன். இடத்தை மட்டும் சொல்லவில்லை.

நான் இங்கே இருப்பது எப்படித் தெரிந்தது என்று பொலிஸ்காரரிடம் கேட்டேன்.

"நம்பர் இருந்தா போதும் நங்கி. போன் கம்பெனியில நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு," என்றார். தங்கையிடம் பேசுவதுபோலத்தான் பேசினார்.

நீதிமன்ற உத்தரவு இருக்கிறதா என்றேன். வீட்டு விசயத்துக்கு எதற்கு உத்தரவு என்று சிரித்தார். அவருக்கு அது உண்மையிலேயே வேடிக்கையாக இருந்திருக்கும்.

நான் லொறியருகே போனேன். அம்மா சாப்பிடவில்லை, ஏறு என்றார் அப்பா. பள்ளி திறக்கும்போது வருகிறேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. லொறி திரும்பிப் போனது.

அதன் பிறகு போனை அணைத்து வைத்தேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் சுவருக்கு அந்தப்பக்கம் இருமினால் இந்தப்பக்கம் கேட்கும். அடுத்தவர் பார்வையில்தான் வளர்ந்தேன். ஆனால் அந்தப் பார்வைகளுக்கெல்லாம் முகம் இருந்தது. திருப்பி முறைக்க முடிந்தது. போன் வழியாகப் பார்த்த இந்தப் பார்வைக்கு முகமே இல்லை.

விடுமுறை முடிவதற்குள் ஹட்டனில் ஒரு பெண் சட்டத்தரணியைப் பார்த்தேன். நம் அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஒன்று எழுதப்படவில்லை, ஆனாலும் முறைப்பாடோ விசாரணையோ இல்லாமல் ஒருவரின் இருப்பிடத்தை வாங்க பொலிசுக்கு அதிகாரம் கிடையாது என்றார். அப்பா மேல் கோபமா என்று கேட்டார்.

"இன்னைக்கு எங்கப்பா கேட்டாரு. நாளைக்கு அடிக்கிற புருசன் ஒருத்தன் கேட்டாலும் சொல்லிருவாங்கல்ல?" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். பொலிஸ்காரரின் மேலதிகாரிக்கு முறைப்பாடு எழுதினோம்.

விசாரணைக்கு அப்பாவையும் கூப்பிட்டார்கள். பெண் காணாமல் போய்விட்டதாக, உயிருக்கு ஆபத்து என்று தகப்பன் பதறி வந்ததால் உதவினேன் என்று பொலிஸ்காரர் சொல்லியிருந்தார். அப்பா ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் அதோடு முடிந்துவிடும். அதிகாரி கேட்டார். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"புள்ள காணாமப் போகலைங்க. நல்லாருக்கேன், தேட வேணாம்னு சொல்லித்தான் இருந்துச்சு. நான்தான் எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்கன்னு கேட்டேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா சொன்னார். "நான் தேடுனது தப்புன்னு இப்பவும் நெனைக்கல. அதுக்காக இல்லாதத சொல்ல முடியுமா?"

அவர் தோளில் சாய்ந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது, எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட வேண்டும் போலவும் இருந்தது.

பொலிஸ்காரரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். உதவி செய்த மனுசனுக்கு இப்படிச் செய்துவிட்டாளே என்று தோட்டத்தில் சிலர் பேசினார்கள். அவர் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் மாற வேண்டியிருந்திருக்குமே என்று நானும் நினைத்ததுண்டு. கல்யாணப் பேச்சு தானாக அடங்கியது.

கம்பெனியில் இருந்த அந்த ஆளைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. என் நம்பரைத் தட்டி, பட்டிப்பொலை என்று சொல்லிவிட்டு, அன்றைய வேலையைத் தொடர்ந்திருப்பார். அதன் பிறகும் எத்தனையோ நம்பர்களைத் தட்டியிருப்பார்.